தாணம்மாள் கேட்ட வில்லு

"வில்லு… வை."

"வைக்கேன் ஏட்டி! அதுக்குத்தானே இங்கன மல்லாந்து கெடக்கேன்!" என்று லாரிக்கு அடியிலிருந்து கோலப்பன் கத்தினார். வாயைத் திறந்ததும் ஒரு பிடி செம்மண் உள்ளே போயிற்று. "சவத்து வண்டி" என்று துப்பினார்.

வீட்டுக்குள்ளே ஜன்னலோரக் கட்டிலில் தாணம்மாள் கிடந்தாள். அவள் நன்றாயிருந்த இடது கை மட்டும் ஜன்னலுக்கு வெளியே நீண்டு லாரியைக் காட்டிக்கொண்டிருந்தது. லாரிக்குப் பின்னால் பூவரச மரம், அதற்கும் பின்னால் இசக்கியம்மன் கோயிலின் ஓட்டுக்கூரை. கோலப்பனின் கண்ணுக்கு லாரி மட்டுமே தெரியும். புளியடிவிளையில் வேறு யாரிடமும் லாரி கிடையாது.

லாரி என்று அவர்தான் சொல்வார். எஸ்டேட் துரை ஒருவர் ஓட்டித் தேய்த்துக் கைவிட்ட காரை வாங்கி, பின்பாதியை அறுத்து எறிந்துவிட்டு, அயினிப் பலகையில் ஒரு தட்டு அடித்து வைத்திருந்தார். முன்னால் பார்த்தால் துரை, பின்னால் பார்த்தால் கட்டை வண்டி. ஊர்க்காரர்கள் அதற்கு அரைலாரி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் காதுபட மட்டும் லாரி என்பார்கள். தேங்காய், வாழைக்குலை, உப்பு எல்லாம் அதில்தான் போகும், வரும்.

வாதம் வந்து வலப்பக்கம் விழுந்தபிறகு தாணம்மாளின் நாக்கில் மிஞ்சியது மூன்று பேச்சுதான். தண்ணி வேண்டுமென்றால் "தண்ணி". கோலப்பனைப் பார்த்தால், எப்போதும் அவரைக் கூப்பிடுவதுபோல, "நீரு". அப்புறம் இந்த "வில்லு வை." கல்யாணமான நாளிலிருந்து ஓயாமல் பேசியவள் அவள். 'கொஞ்சநேரம் வாயை மூடேன் ஏட்டி' என்று அவர் கெஞ்சாத நாள் கிடையாது. இப்போது வீட்டில் அவ்வளவு அமைதி. அந்த அமைதியில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

குளச்சலில் வர்மம் பார்க்கும் ஆசான் ஒருவர் இருந்தார். அவர் நாடி பார்த்துவிட்டு, "எண்ணெய் போட்டு உழிஞ்சா பேச்சு திரும்பும். வெள்ளிக்கிழமைதோறும் கொண்டுவரணும். ஆனா உடம்பு குலுங்கப்படாது, கேட்டியா? நரம்பு இளகிக் கெடக்கு. குலுங்கினா நான் பொறுப்பில்ல" என்றார்.

பேச்சு திரும்பும். கோலப்பனுக்கு அது போதும். குலுங்காமல் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதானே.

வில்வண்டியில் கொண்டுபோகலாமே என்று யாரோ சொன்னார்கள். "லாரி வச்சிருக்கவன் பெண்டாட்டி மாட்டு வண்டியிலயா போவா?" என்று கோலப்பன் சீறினார். முதல் வெள்ளிக்கிழமை கட்டிலோடு லாரித் தட்டில் ஏற்றிக் கொண்டுபோனார். சர்க்கார் ரோட்டில் சரல்கல் எல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. போய்த் திரும்புவதற்குள் தாணம்மாள் வெளுத்துப்போனாள். வீட்டில் இறக்கிப் படுக்கவைத்ததும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அவள் முதன்முதலாகச் சொன்னது அதுதான்.

"வில்லு… வை."

கோலப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது. புத்தி தெளிவாக இருக்கிறது! பின்சக்கரத்துக்கு மேலே குலுக்கலைத் தாங்கும் இரும்புப் பட்டை வில்லு நொந்துபோனது என்று கட்டிலில் கிடந்தே கண்டுபிடித்துவிட்டாளே!

அவர் அப்படி நினைத்ததற்கு ஒரு காரணமும் இருந்தது. போன வருஷம் பாரம் தாங்காமல் அந்தப் பின்வில்லு ஒடிந்துதான் லாரி குளத்துக்குள் கவிழ்ந்தது. கோலப்பன் நினைவில்லாமல் நாள்கணக்கில் கிடந்தார். பிழைப்பார் என்று யாரும் சொல்லவில்லை. பிழைத்து எழுந்ததும் ஊர் வேறு கதை பேசிற்று. இசக்கியம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பந்தல் சாமானெல்லாம் கூலியில்லாமல் ஏற்றிவந்தவர் அவர். கடைசியில், டயர் தடம் பட்டுக் கோயில் முற்றம் கெட்டுப்போயிற்று என்று கோயில்காரர்கள் எல்லார் முன்னாலும் அவரைத் திட்டினார்கள். 'இனி அந்த வாசலை மிதிச்சா எம் பேரு கோலப்பன் இல்ல' என்று சொல்லிவிட்டு வந்தார். வந்த கொஞ்ச நாளில்தான் குளத்தில் விழுந்தார். அம்மன்தான் தள்ளிவிட்டாள் என்றது ஊர்.

"வில்லு ஒடிஞ்சது வேய்! அம்மன் ஒண்ணும் தள்ளல்ல!" என்று கோலப்பன் கேட்டவரிடமெல்லாம், கேட்காதவரிடமும் சொன்னார். வீட்டில் கோயில் பேச்சே கூடாது என்று தாணம்மாளுக்குக் கட்டளை. அவளும் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டாள்.

கொல்லன் பகவதியப்பன் வந்து லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தார். இரும்பைக் கண்டால் பகவதியப்பனுக்கு ஆளே மாறிப்போகும்.

"பட்டை தேஞ்சு முருங்கையிலை மாதிரி இருக்கு அண்ணாச்சி. உடைஞ்ச வில்வண்டி ஒண்ணு எங்கிட்ட கெடக்கு. அதுல உள்ள பட்டையெல்லாம் எடுத்து இதுக்கு மேல அடுக்கிருவோம். பொறவு யானையையே ஏத்தலாம்."

"யானை வேண்டாம். தாணு போனாப் போதும்."

"யானையே குலுங்காதுன்னா அக்கா குலுங்குமா?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. பட்டைமேல் பட்டையாக அடுக்கிக் கம்பி போட்டு இறுக்கினார்கள். கோலப்பன் தட்டில் ஏறிக் குதித்துப் பார்த்தார். தட்டு அசையவே இல்லை. "கல்லு மாதிரி இருக்கு!" என்று பகவதியப்பனைக் கட்டிக்கொண்டார்.

கல்லு மாதிரிதான் இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை ரோட்டில் ஒரு சின்னச் சரல் மிதிபட்டால் போதும், தட்டு முழுதும் எகிறியது. கஞ்சிச் செம்பு பறந்துபோய் வேலிக்குள் விழுந்தது. தலையணை அதன் பின்னாலேயே போயிற்று. தாணம்மாளும் போயிருப்பாள். நல்லவேளையாக அவளைக் கட்டிலோடு சேலையால் கட்டியிருந்தார். ஆசான் அவளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "போன வாரம் ஒரு தோளு. இந்த வாரம் ரெண்டு தோளும் வீங்கி இருக்கே! லாரியில கொண்டுவந்தியா, உரல்ல போட்டு இடிச்சுக் கொண்டுவந்தியா?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் தாணம்மாள் கையை நீட்டினாள். "வில்லு… வை."

"இன்னுமா ஏட்டி?"

அவள் கண்ணில் நீர் வந்தது. இடதுகைச் சுட்டுவிரலால் கட்டில் சட்டத்தைத் தட்டினாள். மெல்ல ஒரு தட்டு, மெல்ல ஒரு தட்டு, பிறகு வேகமாக மூன்று. வண்டி எப்படியெப்படித் தூக்கிப் போட்டது என்று காட்டுகிறாள் பாவம் என்று கோலப்பன் நினைத்தார். அந்த விரலைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நாகர்கோவிலில் ஜெயசிங் மேஸ்திரி பஸ்களைப் பழுது பார்க்கிறவர். அரைலாரியைச் சுற்றிவந்து பார்த்தார். சிரிப்பை அடக்க முடியாமல் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"யாரு பாத்த வேலை இது?"

"நம்ம ஊருக் கொல்லன்."

"அண்ணாச்சி, இதுல பாதியக் கழத்தணும். பொறவு மேல தனியா ஒரு வில்லு போடணும். பாரம் ஏறினா அது தாங்கும். பாரம் இல்லன்னா சும்மா கெடக்கும்."

"கழத்துத வேலை வேண்டாம். அவ வை வைன்னுதான் சொல்லுகா. எடுன்னு சொல்லல்ல. மேல வைக்கதை வையும்."

"யாரு சொல்லுகா?"

"எம் பெண்டாட்டி."

ஜெயசிங் அவரை ஒருமாதிரியாகப் பார்த்தார். பெண்டாட்டி சொன்னபடி லாரி பழுது பார்க்கும் ஆள் அதற்குமுன் அவர் பட்டறைக்கு வந்ததில்லை. எதற்கு வம்பு என்று, இருந்ததன்மேலேயே புது வில்லையும் போட்டுக் கொடுத்துவிட்டார்.

இப்போது லாரியின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது, முட்ட வரும் காளை மாதிரி. தட்டில் எதை வைத்தாலும் முன்பக்கம் சறுக்கி வந்தது. மூன்றாவது வெள்ளிக்கிழமை கட்டில் சறுக்கிவந்து, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த பலகையில் தாணம்மாளின் தலை இடித்தது. கோலப்பன் இறங்கிக் கட்டிலைப் பின்னுக்கு இழுத்தார். கொஞ்சதூரம் போனதும் மறுபடி இடித்தது. பாதி ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"நான் என்ன செய்யட்டும் தாணு? நீ சொன்னதைத்தானே செய்யுதேன்!"

"நீரு" என்றாள் தாணம்மாள். அவர் கன்னத்தைத் தொட்டாள். அந்த ஒரு சொல்லில் அவள் என்னவெல்லாமோ சொல்லப் பார்த்தாள். ஒன்றும் வெளியே வரவில்லை.

அன்றைக்குத் திரும்பி வரும்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. வழியில் ஒரு பஸ் மூச்சை விட்டுவிட்டு நின்றது. சனமெல்லாம் ரோட்டில் நின்றது. கோலப்பனின் லாரி தூக்கிய பின்பக்கத்தோடு வருவதைப் பார்த்ததும் டிரைவர் ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, பின்னால நல்ல பலமா வில்லு போட்டிருக்கீரே! நம்ம பஸ்ஸைக் கொஞ்சம் இழுத்து விடும்!"

தன் வில்லைப் புகழ்ந்து அதுவரை ஒருவரும் பேசவில்லை. கோலப்பன் இளகிவிட்டார். வடத்தைக் கட்டினார்கள். பஸ்ஸில் இருந்த சனமெல்லாம் கேட்காமலேயே லாரித் தட்டில் ஏறிக் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. லாரியின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்து சமமாயிற்று. என்ஜின் அழுதுகொண்டே இழுத்தது. ஆனால் தட்டு குலுங்கவில்லை. சரலில் ஏறி இறங்கியபோது தொட்டில்போல மெல்ல ஆடியது, அவ்வளவுதான். கோலப்பன் திரும்பிப் பார்த்தார். முன்பின் தெரியாத சனத்துக்கு நடுவில் தாணம்மாள் கண்ணை மூடி உறங்கிக்கொண்டிருந்தாள்.

பாரம்! பாரம் ஏற்றினால்தான் வில்லு வேலை செய்யும்! ஜெயசிங் சொன்னதும் அதுதானே!

மறுவாரம் தேங்காய் ஏற்றினார். வளைவு வந்தபோதெல்லாம் தேங்காய்கள் உருண்டுபோய்க் கட்டில் காலை முட்டின. அதற்கடுத்த வாரம் உப்பு மூட்டை. உருளாது, சத்தம் போடாது. புறப்பட்டபோது வண்டி பட்டுப்போலப் போயிற்று. மண்டைக்காட்டுக்குக் கிட்டத்தில் மழை பிடித்துக்கொண்டது. கோலப்பன் தாணம்மாளைத் தார்ப்பாயால் மூடினார். உப்பை மூட ஒன்றும் இல்லை. போகப்போக உப்பு கரைந்து ரோட்டோடு ஒழுகிற்று. பாரம் குறையக் குறையக் குலுக்கல் கூடியது. குளச்சல் போய்ச் சேரும்போது சாக்குகள் வயிறு ஒட்டிக் கிடந்தன. தாணம்மாள் முனகக்கூட வலுவில்லாமல் கிடந்தாள்.

ஆசான் அன்றைக்குக் கேலி பேசவில்லை. "நாடி தளருதே கோலப்பா" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் அவள் கையை நீட்டவும் சிரமப்பட்டாள். இருந்தாலும் நீட்டினாள். "வில்லு…" அவ்வளவுதான் வந்தது. 'வை' வரவில்லை. கோலப்பன் வெளியே போய்ப் பூவரச மரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதார். இருந்த மூன்று பேச்சில் ஒன்று பாதியாகிவிட்டதே.

அழுது முடித்தபோது அவருக்கு அந்த யோசனை வந்தது. பஸ்ஸை இழுத்த அன்றைக்கு எது பாரமாக இருந்தது? மனுஷர். மனுஷர் உருளமாட்டார்கள், கரையமாட்டார்கள். இப்போது மாசி மாதம். மண்டைக்காட்டில் கொடை. வருகிறாயா என்று கேட்டால் வரமாட்டேன் என்று எவன் சொல்வான்?

வெள்ளிக்கிழமை காலையில் லாரிமுன் ஊரே நின்றது. கோலப்பன் ஆளை மேலும் கீழும் பார்த்துத்தான் ஏற்றினார்.

"நீ வேண்டாம் மக்கா. நீ ஏறினாலும் ஒண்ணுதான், ஏறல்லன்னாலும் ஒண்ணுதான்."

"அண்ணாச்சி, நான் ரெண்டு நேரம் நல்லா சாப்பிட்டுட்டாக்கும் வந்திருக்கேன்!"

"அடுத்த மாசம் வா."

மெலிந்தவர்கள் முணுமுணுத்தார்கள். தடித்தவர்கள் வாழ்க்கையில் முதல்தடவையாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏறினார்கள். பகவதியப்பன் எலும்பும் தோலும்தான். ஆனால் தன் பட்டைகள் எப்படித் தாங்குகின்றன என்று பார்க்கவேண்டும் என்று சம்மட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். சம்மட்டிக்காக அவரையும் ஏற்றினார்.

பின்சக்கரத்துக்கு நேர்மேலே உள்ள ஸ்தானம் மட்டும் காலியாக இருந்தது. அதற்குத் தகுதியான ஆள் ஊரில் ஒருத்திதான். அடுத்த வீட்டு முத்துக்கனி. மகளின் பேறுகாலத்துக்காக நாகர்கோவிலுக்குப் போனவள், பேரப்பிள்ளை தவழ்ந்தபிறகு முந்தின நாள்தான் திரும்பியிருந்தாள். தாணம்மாள் விழுந்தது அவளுக்குப் பிந்தித்தான் தெரியும். முத்துக்கனி ஏறி உட்கார்ந்ததும் லாரி ஒருமுறை பெருமூச்சு விட்டுச் சமமாக நின்றது.

"நான் இவ்வளவு உபயோகப்படுவேன்னு என்னைக் கட்டின மாப்பிள்ளைக்குத் தெரியாமப் போச்சே" என்றாள் முத்துக்கனி. எல்லாரும் சிரித்தார்கள். தாணம்மாளும் ஒருபக்க உதட்டால் சிரித்தாள்.

அன்றைக்கு வண்டி போன போக்கு! சரலும் பள்ளமும் ரோட்டில் இருந்தபடியே இருந்தன. மேலே ஒன்றும் தெரியவில்லை.

"எப்படி இருக்கு?" என்று கோலப்பன் முன்னாலிருந்து கூவினார்.

"தொட்டில்தான் வேய்! தொட்டில்!"

"எம் பட்டையாக்கும்!" என்றார் பகவதியப்பன்.

கோலப்பன் திரும்பிப் பார்த்தார். தாணம்மாளின் தலை அவர் சீட்டுக்குப் பின்னால்தான் இருந்தது. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் கட்டில் சட்டத்தில் மெல்லத் தட்டியது. உதடு அசைந்தது. சத்தம் இல்லை. அவருக்குச் சத்தம் வேண்டியிருக்கவில்லை.

"வச்சாச்சு தாணு" என்றார் கோலப்பன். "எல்லா வில்லும் வச்சாச்சு. இனிப் பேச்சு வந்துரும். நீ வாய் ஓயாமப் பேசு. நான் மூடுன்னு சொன்னா எங் கன்னத்துல அடி."

அவள் தலை மெல்ல இப்படியும் அப்படியும் அசைந்தது. வண்டி ஆட்டத்தில் அசைகிறது என்று அவர் திரும்பிக்கொண்டார்.

மண்டைக்காடு தாண்டும்போது அவள் உறங்கிவிட்டாள் என்று சொன்னார்கள். கொடை பார்க்க வந்த சனம், திரும்பி வரும்போது இறங்கிக்கொள்ளலாம், இப்போது அவள் உறக்கம் கலையவேண்டாம் என்றது. எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். யாரோ இருமப் பார்த்து, முத்துக்கனி முறைத்ததில் இருமலை விழுங்கினார்கள்.

குளச்சலில் ஆசான் லாரிக்கே ஏறிவந்தார்.

"மெல்ல ஆசானே, உறங்குகா" என்றார் கோலப்பன். அவர் முகமெல்லாம் பெருமை. "இன்னைக்கு ஒரு குலுக்கல் கெடையாது. நீங்களே பாருங்க."

ஆசான் அவள் கையைப் பிடித்தார். நாடி பார்த்தார். பிறகு அந்தக் கையை அவள் நெஞ்சின்மேல் வைத்தார்.

"வண்டியத் திருப்பு மக்கா."

கோலப்பனுக்குப் புரியவில்லை. உறங்குகிறவளுக்கு எண்ணெய் போடமுடியாது, அதனால்தான் திருப்பச் சொல்கிறார் என்று நினைத்தார். கட்டிலைச் சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தார். அப்புறம்தான் புரிந்தது.

திரும்பும்போது மண்டைக்காட்டில் மேளம் கேட்டது. கோலப்பன் வண்டியை நிறுத்தினார். "கொடை பாக்க வந்தவங்க இறங்கிக்கிடுங்க" என்றார்.

யாரும் அசையவில்லை.

"ஓட்டும் அண்ணாச்சி" என்றார் பகவதியப்பன். சம்மட்டியை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். "நாங்க இறங்கினா அக்காளுக்குக் குலுங்கும்."

அப்படியே ஊர்வந்து சேர்ந்தார்கள். ஒருவரும் வழியில் இறங்கவில்லை. வாசலில் என்ஜின் கடைசியாக ஒருமுறை இருமி நின்றது. வழக்கமாக அந்த இடத்தில் கோலப்பன் "சவத்து வண்டி" என்று திட்டுவார். அன்றைக்கு அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. பிறகும் சொன்னதில்லை.

தாணம்மாளை உள்ளே கிடத்தினார்கள். கோலப்பன் லாரியின் பின்சக்கரத்தில் சாய்ந்து மண்ணில் உட்கார்ந்திருந்தார். முத்துக்கனி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கடைசியா ஏதாவது கேட்டாளா மக்கா? ஆசைப்பட்டது எதாவது?"

"ஒண்ணே ஒண்ணுதான் முத்துக்கனியக்கா. விழுந்த பொறவு அதைத்தான் கேட்டா." கோலப்பன் கையைப் பின்னால் கொண்டுபோய் அந்தப் பட்டைகளைத் தடவினார். "வில்லு வை, வில்லு வைன்னா. இந்தப் பக்கமே கையை நீட்டுவா. நானும் வச்சேன் அக்கா. கொல்லன்கிட்ட வச்சேன், மேஸ்திரிகிட்ட வச்சேன். அவ கேட்டதுல ஒரு குறையும் வைக்கல்ல. அந்த ஒரு நிம்மதிதான் எனக்கு."

முத்துக்கனி அவர் கை இருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு லாரிக்குப் பின்னால், பூவரசுக்கு அப்பால் இருந்த அந்த ஓட்டுக்கூரையைப் பார்த்தாள்.

"மக்கா, நீ குளத்துல விழுந்து கண்ணு முழிக்காமக் கெடந்தப்ப, 'எம் மாப்பிள்ளைய எழுப்பித் தா தாயே, கொடைக்கு உனக்கு வில்லுப்பாட்டு வைக்கேன்'னு இசக்கியம்மைகிட்ட முந்தானைய விரிச்சு அழுதாளே, அந்த வில்லாக்கும் அது."